ரீசார்ஜா, மாத பில்லா: கைபேசிச் செலவை ஆண்டுக் கணக்கில் ஒப்பிடும் முறை

நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கைந்து சிம் இருப்பது இன்று இயல்பாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை ரூபாய் பைசாவோடு சொல்லக்கூடிய குடும்பத் தலைவரிடம், கைபேசிக்கு ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு தொகைக்கு, ஒருவர் கடையிலும் இன்னொருவர் செயலியிலுமாக ரீசார்ஜ் செய்வதால், அந்தச் செலவு ஒரே இடத்தில் ஒரே தொகையாகக் கண்ணில் படுவதில்லை. ஆகவே பிரீபெய்டு நல்லதா, போஸ்ட்பெய்டு நல்லதா என்ற கேள்விக்கு விடை தேடும் முன், இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். வரி உட்பட, 365 நாளுக்கு, நாம் உண்மையில் பயன்படுத்தும் அளவுக்கு ஆகும் செலவு என்பதே அந்த அளவுகோல்.

கீழே வரும் விலைகள் 2024 ஜூலை கட்டண உயர்வின்போதும், குரல் அழைப்புக்கான பேக்குகள் மட்டும் 2025 ஜனவரியிலும் ஜியோ அறிவித்தவை. ஒரே நிறுவனத்தின் விலைகளை எடுத்துக்கொண்டால்தான் பிரீபெய்டுக்கும் போஸ்ட்பெய்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்பதால் அவ்வாறு செய்திருக்கிறேன். வேறு காரணம் இல்லை. நீங்கள் இதைப் படிக்கும் நாளில் விலைகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், அன்றைய விலையை இட்டு அதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய ரீசார்ஜ் கடை எதிலும் ஐந்து நிமிடம் நின்றால், "அண்ணே, ஒரு மாசத்துக்குப் போடுங்க" என்ற குரல் கேட்கும். கடைக்காரர் போடுவது 28 நாள் பேக். மாதத்துக்கு ஒன்று என்று நினைப்பவர் ஆண்டுக்கு 12 ரீசார்ஜ் என்று கணக்கிடுகிறார். உண்மையில் 28 நாள் வீதம் 13 முறை போட்டால்தான் 364 நாள் நிறைகிறது. அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ்தான் பலருடைய கணக்கில் விட்டுப்போகும் தொகை. இதைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால்தான், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் காலக்கெடு கொண்ட பேக் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க பேக் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. அந்தப் பேக்குகள் இருக்கின்றன, கேட்டால்தான் போடுவார்கள்.

எந்தப் பேக்காக இருந்தாலும் விலையை நாளால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் பேக் 299 ரூபாய். ஒரு நாளுக்கு 10 ரூபாய் 68 காசு, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,898 ரூபாய். அதே 1.5 ஜிபி, 84 நாளுக்கு 799 ரூபாய். நாளுக்கு 9 ரூபாய் 51 காசு, ஆண்டுக்கு 3,472 ரூபாய். ஒரே அளவு டேட்டா, ஒரே வசதி, ஆனால் ஒரு சிம்முக்கு ஆண்டில் 426 ரூபாய் வேறுபாடு. அடுத்து 365 நாள் பேக்கைப் பாருங்கள்: 3,599 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் மலிவு என்று நாம் பொதுவாக நம்புகிறோம்; இங்கே ஆண்டுப் பேக், 84 நாள் பேக்கைவிட 127 ரூபாய் கூடுதல். அதில் நாளுக்கு 2.5 ஜிபி கிடைக்கிறது என்பது உண்மைதான். அந்தக் கூடுதல் டேட்டா தேவைப்படுபவருக்கு அது லாபம். தேவைப்படாதவருக்கு நீளமான காலக்கெடு என்பதைத் தவிர வேறு பயனில்லை.

நீண்ட கால பேக்கில் இன்னொரு சாதகம் உண்டு. 2024 ஜூலை 3 அன்று விலை உயர்ந்தபோது, அதற்கு முன்பே பழைய விலையில் ஆண்டுக்குப் போட்டிருந்தவர்களுக்கு அந்தக் காலக்கெடு முடியும்வரை உயர்வின் சுமை விழவில்லை. எதிர்ப்பக்கத்தில், இடையில் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொண்டால் மீதமுள்ள நாள்களுக்கான பணம் திரும்பக் கிடைக்காது. உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிலையாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவரை ஆண்டுப் பேக் போடாமல் இருப்பதே நல்லது.

வரி

விளம்பரத்தில் இரண்டு விலைகளையும் அருகருகே பார்க்கும்போது நம் கண்ணை ஏமாற்றுவது இதுதான். பிரீபெய்டு பேக்கின் அறிவிப்பு விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 299 என்றால் கையிலிருந்து போவது 299தான். போஸ்ட்பெய்டு திட்டத்தின் அறிவிப்பு விலை மாத வாடகை மட்டுமே. வரி பில்லில் தனியாக ஏறும். 349 ரூபாய் திட்டத்துக்கு உண்மையில் கட்டுவது 411 ரூபாய் 82 காசு. 449 ரூபாய் திட்டத்துக்கு 529 ரூபாய் 82 காசு. ஆக, 299க்கும் 349க்கும் இடையில் ஐம்பது ரூபாய்தானே வேறுபாடு என்று நினைப்பது தவறு. ஆண்டுக் கணக்கில் 349 ரூபாய் திட்டம் 4,942 ரூபாய். 84 நாள் பிரீபெய்டு பேக் 3,472 ரூபாய். தனி ஒருவருக்கு 1,470 ரூபாய் இடைவெளி.

சில பணம் செலுத்தும் செயலிகள் ரீசார்ஜுக்குச் சில ரூபாய் சேவைக் கட்டணம் எடுக்கின்றன. நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ கடையிலோ போட்டால் அது மிச்சம்.

வணிகம் செய்பவர்களுக்கு இந்த வரிக் கணக்கு வேறு விதமாக அமையும். மாம்பழக்கூழ் ஆலை, கிரானைட் வணிகம், ஓசூர்ப் பக்கத்து உதிரிபாகப் பட்டறை என்று ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர், தம் ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய போஸ்ட்பெய்டு பில்லைப் பெற்று, தொழிலுக்குப் பயன்படுத்தும் இணைப்பின் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அப்போது 349 ரூபாய் திட்டம் அவருக்கு ஆண்டுக்கு 4,188 ரூபாயாகக் குறைகிறது. அப்படியும் பிரீபெய்டைவிடக் கூடுதல்தான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; கணக்கு எழுதும் வசதிக்காகவும், பணியாளர்களின் பத்து எண்களுக்கும் சேர்த்து ஒரே பில் வருவதற்காகவும் அந்தத் தொகையைக் கொடுக்கலாமா என்பது அவரவர் முடிவு.

டேட்டாவை அளப்பது

கைபேசியின் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியைத் திறந்தால், அந்த மாதத்தில் சிம் வழியாக எத்தனை ஜிபி போனது என்று காட்டும். ஒரு மாதத்தை மட்டும் பார்க்காமல் மூன்று மாதத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. மே மாத விடுமுறையில் பிள்ளைகள் கையில் இருந்த கைபேசியின் கணக்கு ஜூலைக்குப் பொருந்தாது.

பிரீபெய்டில் பெரும்பாலான பேக்குகள் நாளுக்கு இவ்வளவு என்று அளந்து தருகின்றன. நாளுக்கு 1.5 ஜிபி என்பது 28 நாளுக்கு 42 ஜிபி. கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் இன்று மிச்சமானது நள்ளிரவோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை 3 ஜிபி தேவைப்பட்டால் பாதிக்கு மேல் வேகம் குறைந்து 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். போஸ்ட்பெய்டில் மாதத்துக்கு 30 அல்லது 75 ஜிபி என்று மொத்தமாகத் தருவதால், எந்த நாளில் எவ்வளவு செலவிடுவது என்பது நம் விருப்பம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர் ஆறு நாள் ஆலைக்குள் கைபேசியைத் தொடாமல் இருந்துவிட்டு வார விடுமுறையில் மட்டும் படம் பார்ப்பவராக இருந்தால், அவருக்கு நாள்வாரி பேக்கின் பெரும்பகுதி வீண்தான். மாத அளவு அவருக்குப் பொருந்தும். ஆனால் அந்த அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் பில்லில் ஏறும் என்பதால், எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிரீபெய்டில் தீர்ந்தால் வேகம் குறையும், கட்டணம் ஏறாது. இரண்டின் இயல்பும் இங்கேதான் வேறுபடுகிறது: ஒன்றில் காசு முன்னால் போய்விடுவதால் அதற்குமேல் போக வழியில்லை, மற்றது மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்குவது போல, மாதக் கடைசியில்தான் தெரியும்.

5ஜி பற்றி ஒரு குறிப்பு. மேற்சொன்ன உயர்வுக்குப் பிறகு வரம்பற்ற 5ஜி, நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பிரீபெய்டு பேக்குகளுக்கு மட்டும் என்று ஆனது. 84 நாளுக்கு அப்படிப்பட்ட பேக் 859 ரூபாய், ஆண்டுக்கு 3,733. உங்கள் கைபேசி 5ஜி, உங்கள் தெருவிலும் 5ஜி என்றால் அந்த 261 ரூபாய் கூடுதலுக்குப் பயன் உண்டு. அஞ்செட்டி மலைச்சாலையிலோ சித்தேரியிலோ இருப்பவர், நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் சிக்னல் வரைபடத்தில் ஊரைத் தேடிப் பார்த்துவிட்டு, அதையும் முழுதாக நம்பாமல் பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியில் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. ஓடிடி சந்தா இலவசம் என்று சேர்த்துத் தருவதை, தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா என்ற ஒரே கேள்வியால் மதிப்பிடுங்கள். வாங்கியிருக்கமாட்டீர்கள் என்றால் அதன் மதிப்பு பூஜ்யம்.

ஒரு வீட்டின் கணக்கு

போஸ்ட்பெய்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் குடும்பத் திட்டம். அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். 449 ரூபாய் திட்டத்தில் முதன்மை எண்ணுக்கு 75 ஜிபி. மேலும் மூன்று எண்களை எண்ணுக்கு 150 ரூபாய் வீதம் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் 5 ஜிபி கூடும். நான்கு சிம்முக்கு மாதம் 899 ரூபாய்; வரியோடு 1,060 ரூபாய் 82 காசு; ஆண்டுக்கு 12,730. நான்கு பேரும் 84 நாள் பிரீபெய்டு பேக் போட்டால் 13,887. ஆக, குடும்பத் திட்டம் 1,157 ரூபாய் மலிவு. விற்பனையாளர் இதோடு நிறுத்திக்கொள்வார்.

இப்போது அந்த நான்கு பேர் யார் என்று பாருங்கள். கணவனும் மனைவியும் காவேரிப்பட்டணத்தில், வயதான பெற்றோர் இருவர் அதே வீட்டில் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் கையில் இருப்பது பொத்தான் கைபேசி. பேசுவதற்கும், மகளிர் உரிமைத் தொகை கணக்கில் ஏறியதாக வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கும்தான் அது. இத்தகையவர்கள் பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான், குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்கை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது. 2025 ஜனவரியில் அவை வந்தன. 84 நாளுக்கு 448 ரூபாய், ஆண்டுக்கு 1,947. பெற்றோர் இருவருக்கும் அது, மற்ற இருவருக்கும் 84 நாள் டேட்டா பேக் என்றால் மொத்தம் 10,837 ரூபாய். குடும்பத் திட்டத்தைவிட 1,893 ரூபாய் குறைவு. நான்கு பேருக்கும் டேட்டா தேவை, ஆனால் ஒருவருக்கு நிறைய, மற்றவர்களுக்குக் கொஞ்சம் என்ற வீட்டுக்கே குடும்பத் திட்டம் கட்டுபடியாகிறது. மொத்தம் 90 ஜிபியை நான்கு பேர் ஒரு மாதத்துக்குப் பங்கிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருவர் இருந்தால் அது போதாமல் போகலாம்.

குரல் பேக் விளம்பரப் பலகையில் அரிதாகவே தென்படும். கடைக்காரரும் தாமாகச் சொல்வது குறைவு. "நெட்டு இல்லாம, பேசுறதுக்கு மட்டும் இருக்கிற பேக்" என்று கேளுங்கள். அதன்மேல் டேட்டா கூடுதல் பேக் ஏறுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கு இந்தப் பேக் ஆகாது.

பருவத்துக்குத் தகுந்த செலவு

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களில் பலருக்கு வருமானம் மாதாமாதம் வருவதில்லை. கைபேசித் தேவையும் அப்படியே. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியோடு தொடர்புடைய ஒருவர் ஏப்ரலிலிருந்து ஜூலைவரை நாள் முழுதும் கைபேசியில்தான் இருப்பார்: தோட்டத்திலிருந்து பெங்களூரா மாங்காயின் படம், லாரி எங்கே வருகிறது என்ற இடக்குறி, ஆலை சொல்லும் விலை, பணப் பரிமாற்றம். ஆகஸ்டு பிறந்தால் அந்த வேகம் அடங்கிவிடும். மாத பில் அவருக்கு எட்டு மாதம் காரணமின்றி ஓடும். பிரீபெய்டில் அவர் இப்படிச் செய்யலாம்: பருவத்தில் 299 ரூபாய் பேக் நான்கு முறை, 112 நாளுக்கு 1,196 ரூபாய், மீதிக் காலத்துக்கு 448 ரூபாய் குரல் பேக் மூன்று முறை, 252 நாளுக்கு 1,344 ரூபாய். 364 நாளுக்கு மொத்தம் 2,540. போஸ்ட்பெய்டின் மிகக் குறைந்த திட்டத்துக்கு ஆகும் 4,942இல் ஏறத்தாழ பாதி. வீட்டில் வைஃபை இருந்தால் குரல் பேக் மாதங்களிலும் பெரிய குறை தெரியாது. இல்லையென்றால் யுபிஐ செயலி வேலை செய்யாது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். பாலக்கோடு, இராயக்கோட்டைத் தக்காளி வியாபாரிகளுக்கு ஆண்டு முழுதும் வரத்து இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

மாதச் சம்பளக்காரருக்கு நிலைமை வேறு. சம்பளம் வந்த மூன்றாம் நாள் போஸ்ட்பெய்டு பில்லுக்குத் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டால், பேக் தீர்ந்து நடுவழியில் பேச்சு நிற்கும் தொல்லை இல்லை. அந்த நிம்மதிக்கு ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தகும் என்று ஒருவர் நினைத்தால் அதில் தவறு காண முடியாது. ஆனால் செலவு குறைவு என்ற பெயரில் மட்டும் யாரும் போஸ்ட்பெய்டுக்குப் போக வேண்டியதில்லை. வெளிநாடுகளில் இருப்பது போல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கைபேசியும் சேர்த்துத் தரும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தந்து மாதத் தவணையில் வசூலித்த திட்டம் நடுத்தர வயதினருக்கு நினைவிருக்கும். இன்று கைபேசியைத் தவணையில் வாங்குவது ஒரு கணக்கு, சிம் இன்னொரு கணக்கு. இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பது நமக்கு நல்லதுதான்.

எல்லைப்புறத்தில்

ஓசூர், தளி, ஒகேனக்கல் பகுதிகளில் கைபேசி சில நேரம் கர்நாடக கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். திரையில் ரோமிங் என்று வந்ததும் பணம் போகிறதோ என்று அஞ்சுபவர்கள் இன்னும் உண்டு. வரம்பற்ற அழைப்புப் பேக்குகளில், பிரீபெய்டாயினும் போஸ்ட்பெய்டாயினும், நாட்டுக்குள் ரோமிங் அடங்கியே இருக்கிறது; அதற்காகத் தனித் திட்டம் வாங்க வேண்டாம். பெங்களூரில் வாங்கிய எண்ணை ஓசூரிலிருந்து பயன்படுத்துபவர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: எந்த ஊர்க் கடையில் போட்டாலும் அந்த எண்ணுக்குக் கர்நாடக வட்டத்தின் பேக்கே ஏறும். செயலியில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து விலையைப் பார்த்துவிட்டு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கக்கூடும்.

மாறும்போது

ஒரே நிறுவனத்துக்குள் பிரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கோ போஸ்ட்பெய்டிலிருந்து பிரீபெய்டுக்கோ மாற, 2021 செப்டம்பர் முதல் ஓடிபி வழியாகவே வசதி உண்டு. புதிதாக விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டியதில்லை. மாற்றும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: 84 நாள் பேக் போட்டு இருபது நாளில் போஸ்ட்பெய்டுக்குப் போனால் மீதி 64 நாள் நட்டம். நிறுவனத்தையே மாற்றுவதென்றால், ஆங்கிலத்தில் PORT என்று எழுதி இடைவெளி விட்டு எண்ணை இட்டு 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்; வரும் குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாள்தான் செல்லும். தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் நிறைந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டுக்காரர் வந்த பில்லைத் தீர்த்துவிட்டுத்தான் போக முடியும். பாக்கி வைத்துவிட்டு மாறினால் புதிய இடத்திலும் எண் துண்டிக்கப்படலாம்.

போஸ்ட்பெய்டில் சேர்ந்தவர் முதல் பில்லைத் தாளில் அச்சிட்டாவது வரி வரியாகப் படிக்க வேண்டும். இணைந்த நாளிலிருந்து பில் சுற்று தொடங்கும் நாள்வரைக்கான வாடகையும் சேர்ந்து வருவதால், முதல் தொகை எதிர்பார்த்தபடி இராது, அது பிழையன்று. வைப்புத்தொகை, மாத வாடகை, கூடுதல் டேட்டா, மதிப்புக்கூட்டுச் சேவை (காலர் டியூன் போன்றவை), தாமதக் கட்டணம், வரி என்று தனித்தனி வரிகள் இருக்கும். கேட்காத மதிப்புக்கூட்டுச் சேவை எதுவும் ஏறியிருந்தால், பிரீபெய்டோ போஸ்ட்பெய்டோ, 155223 என்ற எண்ணை அழைத்து நிறுத்தலாம். தொகையில் சந்தேகம் இருந்தால் 198ஐ அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாளுக்குள் போகலாம். அப்போது அந்தப் புகார் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.